நூலின் உள்ளிடம் சுட்டும் முறைகள்: பெயரும் எண்ணும்

ஒருவர் தம் வாக்கியத்துக்குள் பிறிதொரு நூலின் குறிப்பிட்ட பகுதியைச் சுட்டும்போது, அதைப் பெயரால் சுட்டுவதா, எண்ணால் சுட்டுவதா, அதன் முதற்சொற்களால் சுட்டுவதா, அதில் வரும் நிகழ்ச்சியால் சுட்டுவதா என்னும் கேள்வி எழுகிறது. இந்நான்கு வழிகளும் தமிழில் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளன. இலக்கண உரைகளிலும் காப்பியங்களிலும் பல சமயங்களின் திருநூல்களிலும் இக்கால நாவல்களிலும் அவை வெவ்வேறு அளவில் கலந்து நிற்கின்றன. அண்மைக்கால ஆய்வேடுகளில் பெயர் மறைந்து எண் மட்டும் மிஞ்சிவரும் நிலையில், ஒவ்வொரு வழியும் எச்சூழலில் தோன்றியது, எதைக் காக்கிறது, எங்கே தவறுகிறது என்பதை ஒருங்கே வைத்து ஆராய்வது தேவையாகிறது.

ஓலைச்சுவடிக் காலத்தில் பக்க எண் பொதுவான அடையாளமாக இருக்க வழியில்லை. ஒரே நூலின் இரு படிகளில் ஓலையின் நீளமும் எழுத்தின் அளவும் வேறுபட்டமையால், ஒன்றில் பத்தாம் ஏட்டில் நிற்கும் செய்தி மற்றொன்றில் பதினைந்தாம் ஏட்டில் நின்றது. ஆகவே இடம் சுட்டுவதற்குரிய முகவரி நூலின் உடலுக்குள்ளேயே அமைய வேண்டியிருந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் நூலின் உறுப்புகளாகச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நான்கனை ஒன்றனுள் ஒன்று அடங்கும் வகையில் வகுத்துச் சொல்வது இத்தேவையை நன்கு உணர்ந்த ஒரு மரபின் அடையாளமாகும். ஓரினப் பொருளை ஒருங்கே வைப்பது ஓத்து என்றும், பல்வேறு பொருள்கள் விரவித் தொடர்வது படலம் என்றும் நன்னூற் பாயிரமும் விளக்குகிறது. பிற்காலத்தில் இயல் என வழங்குவது இந்த ஓத்தே.

உறுப்புகளை வகுத்ததோடு, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்தைச் சுட்டும் செயலையும் இலக்கண நூலார் உத்திகளுள் சேர்த்தனர். உத்தி என்பது நூல் செய்யும்போது ஆசிரியர் கையாளும் நெறிமுறையாகும். தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் முப்பத்திரண்டு உத்திகளைக் கூறுகின்றன. பின்னர் வரவிருப்பதை முன்கூட்டிச் சொல்வதும் முன்னர்ச் சொன்னதை நினைவூட்டுவதும் தொல்காப்பியத்தில் ‘மொழிவாம் என்றல்’, ‘கூறிற்று என்றல்’ எனவும், நன்னூலில் ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ எனவும் பெயர் பெறுகின்றன. ஒன்றற்குச் சொன்ன விதியை அதற்குரிய மற்றொன்றன்மேல் மாட்டி நடத்துவது ‘மாட்டெறிந்து ஒழுகல்’ எனப்படுகிறது. இக்காலப் புத்தகங்களில் அடிக்குறிப்பும் அடைப்புக்குறியும் செய்யும் வேலையை அக்காலத்தில் வாக்கியமே செய்தது என்பதற்கு இவ்வுத்திகளினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உரையாசிரியர்கள் பிற நூல்களை மேற்கோள் காட்டிய முறையோ இதற்கு மாறாகப் பெரிதும் தளர்வாக இருந்தது. பல இடங்களில் நூற்பெயர்கூடச் சொல்லாமல், சில சொற்களை மட்டும் எடுத்துக்காட்டி, ‘என்றார் பிறரும்’ என்று நச்சினார்க்கினியர் கடந்துசெல்கிறார். கற்றோர் நினைவில் அந்நூல்கள் உயிரோடு இருந்த காலத்தில் இடம் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. முதற்சொல்லைக் கேட்டதும் மாணாக்கர் பாட்டின் எஞ்சிய பகுதியைத் தாமே நிறைவு செய்துகொண்டனர். அந்த நினைவுச் சங்கிலி அறுந்தபின் அதே முறை பெருந்தடையாக மாறியது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அதன் உரையில் நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாது காட்டிய மேற்கோள்களின் இருப்பிடத்தைத் தேடுவதற்குப் பல சுவடிகளைப் புரட்ட வேண்டியிருந்தது; அத்தேடலே அவரைச் சங்க நூல்களுக்குள் ஆழமாகச் செலுத்தியது. அவர் பின்னர் வெளியிட்ட பதிப்புகளில் அகராதிகளுக்கும் ஒப்புமைப் பகுதிகளுக்கும் மேற்கோள் விளக்கங்களுக்கும் கொடுத்த இடம், இடம் சுட்டாத மேற்கோளால் வரும் இழப்பை நேரில் கண்ட ஒருவரின் பரிகாரம் என்றே கொள்ளத்தக்கது.

முதற்சொற்களால் ஒரு பாட்டையோ நூலையோ சுட்டும் வழி இம்முறைகளுள் மிகவும் உறுதியானது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தத்தம் காப்புச் செய்யுளின் தொடக்கத்தால் பெயர் பெற்றன. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துள் ‘அமலனாதிபிரான்’, ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ ஆகியவை தொடக்கச் சொற்களையே நூற்பெயராகக் கொண்டவை. பதிப்பு மாறினாலும் வைப்புமுறை மாறினாலும் பாட்டின் முதற்சொல் மாறுவதில்லை. தேவாரத்தில் இதன் பயன் நன்கு புலப்படும். தேவாரப் பதிகங்களைப் பண் அடிப்படையில் வரிசைப்படுத்தும் பண்முறையும், திருத்தலங்களின் அடிப்படையில் வரிசைப்படுத்தும் தலமுறையும் ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. ஒன்றில் தொடக்கத்தில் நிற்கும் பதிகம் மற்றொன்றில் நடுவில் நிற்கலாம். ஆகவே ‘தேவாரம், 45ஆம் பதிகம்’ என்று மட்டும் எழுதுவது படிப்பவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடும். பாடியவர் பெயர், தலத்தின் பெயர், பதிகத்தின் முதற்குறிப்பு ஆகிய மூன்றையும் சொல்லிய பின்னர் ‘முதல் திருமுறை’ என்பது போன்ற திருமுறை எண்ணையும் பதிக எண்ணையும் சேர்த்தால், எவ்வரிசையில் அமைந்த பதிப்பை வைத்திருப்பவருக்கும் வழி கிடைக்கிறது.

திவ்வியப் பிரபந்தத்தின் தொடர் எண்ணுக்கும் இதே இடர் உண்டு. சிறிய திருமடல், பெரிய திருமடல் ஆகியவற்றைத் தனித்தனி ஒரு பாட்டாக எண்ணுவதா, கண்ணிகளாகப் பிரித்து எண்ணுவதா என்பதிலும், இராமாநுச நூற்றந்தாதியின் 108 பாட்டுகளைச் சேர்ப்பதா என்பதிலும் முறைகள் வேறுபடுவதால், நாலாயிரம் முழுவதற்கும் இட்ட தொடர் எண் பதிப்புக்குப் பதிப்பு நழுவக்கூடும். மாறாக, திருவாய்மொழியைப் பத்து, அதனுள் அடங்கும் திருவாய்மொழி, அதனுள் அடங்கும் பாசுரம் என்று மூன்று படிகளாகக் குறிக்கும் வைணவ வழக்கு நூலின் அமைப்பிலிருந்தே பிறந்தது. ஆதலின் அது எப்பதிப்பிலும் பிழைபடுவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி திருவாய்மொழியை இம்மூன்றெண் முறையால் குறித்ததும், கம்பராமாயணத்தைப் படலப் பெயரின் சுருக்கத்தோடும் பாட்டெண்ணோடும் குறித்ததும் சிந்தித்துச் செய்த தேர்வுகளே. ஆயினும் கம்பராமாயணத்தில் மிகைப்பாடல்கள் எனப்படும் இடைச்செருகல்களை ஒவ்வொரு பதிப்பும் வெவ்வேறு விதமாக நீக்கியும் சேர்த்தும் உள்ளமையால், படலப் பெயர் நிலைத்து நிற்க, பாட்டெண் மட்டும் அசைகிறது. பெயர் எண்ணைக் காப்பாற்றுவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தமிழில் அரிது.

திருக்குறளில் எண்ணின் ஆட்சி முழுமை பெற்றுவிட்டது. 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள், மொத்தம் 1330 என்னும் சீரான அமைப்பு எண்ணிடுவதற்கு மிகவும் ஏற்றது. ஓர் எண்ணைச் சொன்னாலே அதிகாரத்தையும் அதனுள் குறளின் இடத்தையும் கணக்கிட்டுவிடலாம். ஆனால் இன்று அனைவரும் வழங்கும் எண் பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையின் எண் என்பதைப் பலர் நினைப்பதில்லை. அவருக்கு முற்பட்ட மணக்குடவர் உரையில் அதிகாரங்களின் வரிசையும் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசையும் பல இடங்களில் வேறாக உள்ளன. அவ்வுரையை ஆராய்பவர் பரிமேலழகரின் எண்ணை மட்டும் தந்தால், மணக்குடவர் அந்தக் குறளை எதற்கு அடுத்து வைத்துப் பொருள் கண்டார் என்பது மறைந்துபோகிறது. பரிமேலழகரோ ஒவ்வோர் அதிகாரத்தின் முகப்பிலும், அது முன்னதற்குப் பின் வைக்கப்பட்டமைக்குரிய காரணத்தை விளக்கியவர். அவருடைய பார்வையில் அதிகாரத்தின் இடமே ஒரு கருத்து. ஆகவே ‘40ஆம் அதிகாரம்’ என்று எழுதுவதைவிடக் ‘கல்வி அதிகாரம்’ என்று எழுதி, எண்ணை அடைப்புக்குள் தருவது அந்நூலின் இயல்புக்குப் பொருந்துகிறது.

தொல்காப்பியத்தைக் குறிப்பவர்கள் இன்னும் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். உரையாசிரியர்கள் சில இடங்களில் ஒரு நூற்பாவை இரண்டாகப் பிரித்தும், சில இடங்களில் இரண்டை ஒன்றாக்கியும் உரை கண்டுள்ளனர். அதனால் சொல்லதிகாரத்துக்கு மட்டும் இளம்பூரணர் உரையில் 456 நூற்பாக்களும், சேனாவரையர் உரையில் 463 நூற்பாக்களும், தெய்வச்சிலையார் உரையில் 453 நூற்பாக்களும் காணப்படுகின்றன. உரையாசிரியரின் பெயரைச் சொல்லாமல் ‘தொல். சொல்.’ என்ற சுருக்கத்தோடு ஓர் எண்ணைத் தருவது, அந்த எண்ணுக்குரிய நூற்பா எது என்பதை வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடுவதற்குச் சமம். மேலும், அதிகாரம் என்னும் சொல் தொல்காப்பியத்தில் ஒன்பது இயல்களைக் கொண்ட பெரும்பிரிவையும், திருக்குறளில் பத்துக் குறட்பாக்களைக் கொண்ட சிறுபிரிவையும் குறிப்பதால், இரு நூல்களையும் ஒரே பத்தியில் குறிப்பவர் அளவின் வேறுபாட்டை வாசகர் உணரும்படி எழுத வேண்டியுள்ளது.

காப்பியங்களில் பகுதிப் பெயர்கள் வாக்கியத்தோடு இயல்பாக இணைந்துவிடும் தன்மை கொண்டவை. கொலைக்களக் காதை, வழக்குரை காதை, நகரப் படலம் என்னும் பெயர்களின் இறுதியில் காதை, படலம் என்னும் வகைச்சொல் நிற்பதால், ‘வழக்குரை காதையில்’, ‘நகரப் படலத்துள்’ என்று வேற்றுமை உருபு நேரே ஒட்டிக்கொள்கிறது. மேற்கோள்குறியோ, ‘என்னும் பகுதியில்’ என்ற தாங்குசொல்லோ தேவைப்படுவதில்லை. இக்கால நாவலின் அத்தியாயத் தலைப்பு அவ்வாறன்று. பொன்னியின் செல்வனின் முதல் அத்தியாயத்தைச் சுட்டுபவர் ‘ஆடித்திருநாள் என்னும் அத்தியாயத்தில்’ என்றே எழுத வேண்டும். ‘ஆடித்திருநாளில்’ என்றால் அது நாளைக் குறித்துவிடும். சிலப்பதிகாரத்தின் முப்பது பகுதிகளையும் காதை என்று பொதுவாகச் சொல்வது வழக்கமாயினும், அவற்றுள் கானல்வரி, வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, துன்பமாலை, ஊர்சூழ் வரி, வஞ்சினமாலை, குன்றக் குரவை முதலியவை காதை என்னும் பெயரைத் தாங்காதவை. ‘ஆய்ச்சியர் குரவைக் காதை’ என எழுதும் பழக்கம் பாடநூல்களிலும் நுழைந்துவிடுவது வருந்தத்தக்கது; வரியும் குரவையும் பாட்டும் கூத்தும் சார்ந்த வடிவங்கள் என்பதை அப்பெயர்களே அறிவிக்க, வலிந்து சேர்த்த வகைச்சொல் அந்த அறிவிப்பை அழித்துவிடுகிறது.

எண்ணே பொருளைத் தாங்கி நிற்கும் அரிய இடம் ஒன்றும் தமிழில் உண்டு. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டுகள் அனைத்தும் பாலைத் திணைக்கு உரியவை. 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சிக்கும், 4 என முடிவன முல்லைக்கும், 6 என முடிவன மருதத்துக்கும், பத்தின் மடங்குகள் நெய்தலுக்கும் உரியவை. ‘அகம். 86’ என்று படித்த அளவிலேயே அது மருதப்பாட்டு என்பது தெரிந்துவிடும். தொகுத்தவர் வகுத்த ஒழுங்கு எண்ணாக நிலைத்திருப்பதால், இங்கே எண்ணை விடுத்துப் பாட்டின் பொருளை மட்டும் சொல்வதுதான் குறைபாடாகும். பதிற்றுப்பத்திலோ ஒவ்வொரு பாட்டுக்கும் அதனுள் வரும் ஒரு சிறப்புத் தொடரே பெயராக அமைந்திருக்க, அப்பெயர்களை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதுவதால் ஒரு பழைய திறனாய்வுப் பார்வையே வழக்கொழிந்து வருகிறது.

விவிலியத்தின் வரலாறு, பெயரிலிருந்து எண்ணுக்கு மாறிய பயணத்தைத் தெளிவாகக் காட்டுவது. புதிய ஏற்பாட்டை எழுதியோர் பழைய ஏற்பாட்டைச் சுட்டுகையில் எண் எதையும் பயன்படுத்த இயலவில்லை. மாற்கு நற்செய்தியில் மோசேயின் நூலில் முட்செடியைப் பற்றிய பகுதி என்றும், ரோமருக்கு எழுதிய திருமுகத்தில் எலியாவைப் பற்றிய இடம் என்றும் நிகழ்ச்சியாலும் மாந்தராலும் பகுதிகள் குறிக்கப்படுகின்றன; எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தில் ஒருவர் ஓரிடத்தில் சொன்னார் என்ற அளவில் ஒரு மேற்கோள் முடிந்துவிடுகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டாம் சங்கீதம் என்று வரும் குறிப்பு இவற்றுக்கிடையே எண் பெற்ற தனி விதிவிலக்கு. இன்றுள்ள அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் கற்பித்துப் பின்னர்க் கேன்டர்பரி பேராயரான ஸ்டீபன் லாங்டனின் பெயரோடு இணைக்கப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551ஆம் ஆண்டுக் கிரேக்கப் பதிப்பில் அச்சிட்டவர் ராபர்ட் எஸ்தியேன். இவருடைய மகன் ஹென்றி எஸ்தியேன் 1578இல் அச்சிட்ட பிளேட்டோ பதிப்பின் பக்க எண்கள்தாம் இன்றுவரை உலகெங்கும் பிளேட்டோவைக் குறிக்கப் பயன்படுகின்றன என்பது, ஒரே அச்சுக் குடும்பம் இடம் சுட்டும் முறைக்கு ஆற்றிய தொண்டின் அளவைக் காட்டும்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் நிறைவுற்றபோது, ஐரோப்பாவில் வசன எண்கள் நிலைபெற்று ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆகவே தமிழ்க் கிறித்தவ உரைநடை வளர்ந்த காலம் முழுவதும் ‘யோவான் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனம்’ என்னும் தொடர் பேச்சிலும் எழுத்திலும் உறுதியாக வேரூன்றியது. சங்கீதங்களை மட்டும் ‘சங்கீதப் புத்தகத்தின் 23ஆம் அதிகாரம்’ என்று சொல்லாமல் ‘23ஆம் சங்கீதம்’ என்று சொல்லும் வழக்கு மிகவும் பொருத்தமானது. ஒவ்வொரு சங்கீதமும் தனிப்பாட்டாகும், ஒரு தொடர் நூலின் கூறன்று. எனினும் எண்கள் எல்லா மரபிலும் ஒன்றல்ல. எபிரேய மரபில் 9, 10 என நிற்கும் இரு சங்கீதங்களை லத்தீன் வுல்காத்தா ஒன்றாக எண்ணியதால், அதற்குப் பிற்பட்ட பெரும்பாலான சங்கீதங்களுக்கு அங்கே ஓர் எண் குறைகிறது. யோவேல் நூல் எபிரேயத்தில் நான்கு அதிகாரம் உடையது. தமிழில் பரவலாக வழங்கும் வேதாகமத்தில் மூன்றே அதிகாரம் உடையது. நூற்பெயர்களும் சபைக்குச் சபை மாறுகின்றன. ஆதியாகமம் என்று சீர்திருத்தச் சபையார் வழங்குவதைக் கத்தோலிக்கர் தொடக்க நூல் என்பர். இரு சபையார்க்கும் எழுதும் ஆய்வாளர் முதன்முறை சுட்டும்போது இரு பெயரையும் தருவது வாசகர்க்குச் செய்ய வேண்டிய கடமையாகும்.

திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களும் பெயர் பெற்றவை. அப்பெயர் பெரும்பாலும் அத்தியாயத்துக்குள் வரும் ஒரு சொல்லையோ நிகழ்ச்சியையோ பற்றி எழுந்தது. ‘சூரா யாசீன்’ என்று சொன்ன அளவில் தமிழ் முஸ்லிம்களுக்கு எண் தேவைப்படுவதில்லை. ஆனால் 17ஆம் அத்தியாயத்துக்கு ‘இஸ்ரா’, ‘பனூ இஸ்ராயீல்’ என்றும், 40ஆம் அத்தியாயத்துக்கு ‘ஃகாஃபிர்’, ‘முஃமின்’ என்றும் இரு பெயர்கள் வழங்குவதால், அங்கே எண்ணே ஐயத்தை நீக்குகிறது. வசன எண்ணிலும் பழைய ஐரோப்பிய அறிஞர்கள் பின்பற்றிய ஃபுளூகலின் 1834ஆம் ஆண்டுப் பதிப்பு, 1924இல் கெய்ரோவில் வெளியான பதிப்பிலிருந்து பல இடங்களில் விலகுகிறது. பழைய ஆய்வுநூல்களிலிருந்து எண்களை அப்படியே எடுத்து எழுதுபவர்கள் வேறு வசனத்தைச் சுட்டிவிடுகின்றனர். பகவத் கீதையிலும் 13ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அர்ச்சுனன் கேட்கும் கேள்வி ஒன்றைச் சில பதிப்புகள் சேர்ப்பதால், அவ்வத்தியாயம் முழுவதும் சுலோக எண் ஒன்று கூடிவிடுகிறது.

இடத்தைச் சொன்ன பின்னர் வாக்கியத்தை முடிக்கும் வினைச்சொல்லும் இவ்வாய்வில் அடங்கும். ஆழ்வார்களின் பாசுரத்தை எடுத்துக்காட்டும் வைணவர் ‘அருளிச்செய்தார்’ என்பர். சைவர் ‘திருவாய் மலர்ந்தருளினார்’ என்பர். தமிழ் முஸ்லிம்களின் எழுத்தில் ‘அல்லாஹ் கூறுகிறான்’ என்று இறைவனுக்கு ஒருமை வினையும், ‘நபி அவர்கள் கூறினார்கள்’ என்று நபிக்கு மரியாதைப் பன்மையும் வரும்; இறைவனின் ஒருமையை வினைமுற்றே காக்கிறது. கிறித்தவர் ‘வசனம் சொல்லுகிறது’ என்று நூற்பகுதியையே எழுவாயாக்குவர். சமயம் சாராத ஆய்வில் ‘இரண்டாம் அத்தியாயத்தில் இடம்பெறுகிறது’ என்பது போன்ற நடுநிலை வினை பொருந்தும். ஆயினும் ஒரு சமயத்தார்க்கு மட்டும் மரியாதை வினையும் மற்றவர்க்கு வெறும் வினையும் தருவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

தமிழ்த் தொடரமைப்பு பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குவது. ‘சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்துக் கொலைக்களக் காதையில்’ என்று நூலும் காண்டமும் காதையும் தத்தம் வரிசையில் வந்து நிற்கின்றன; ‘சிலப். 16’ என்னும் சுருக்கமும் அதே வரிசையில் செல்வதால் வாக்கியமும் குறியீடும் முரண்படுவதில்லை. ‘அதிகாரம் 3இல்’ என்று எண்ணைப் பின்னே வைத்து உருபு ஒட்டுவது பட்டியலுக்குரிய வடிவத்தை வாக்கியத்துக்குள் திணிப்பதாகும். ‘மூன்றாம் அதிகாரத்தில்’ என்பதே வாயில் இயல்பாக வருவது. பட்டியலிலும் அடைப்புக்குள்ளும் எண் பின்னே நிற்கலாம்.

இணையத்திலும் கைப்பேசியிலும் நூல்கள் படிக்கப்படும் இக்காலத்தில் பக்க எண் மீண்டும் பயனற்றதாகி வருகிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் பலவற்றில் மூல அச்சுநூலின் பக்கங்களைத் தேட முடியாது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு பொன்னியின் செல்வனைப் பல பதிப்பகங்கள் வெவ்வேறு அளவில் அச்சிட்டுள்ளன. ஆய்வேடு ஒன்றில் தரும் பக்க எண் வேறொரு பதிப்பை வைத்திருப்பவருக்கு எதையும் காட்டாது. அந்நாவலின் ஐந்து பாகங்களுக்கும் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஆசிரியரே பெயரிட்டிருக்க, பாகத்தின் பெயரும் அத்தியாயத்தின் எண்ணும் தலைப்புமே போதுமானவை. பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டு நெறிமுறைகளில் பக்க எண்ணைக் கட்டாயமாக்குவதோடு நின்றுவிடாமல், இயல், காதை, படலம், அத்தியாயம் ஆகியவற்றின் பெயரையும் பின்பற்றிய பதிப்பையும் உரையையும் கட்டாயமாக்க வேண்டும். பழைய நூல்களை இனிப் பதிப்பிப்போர், தம் எண்களுக்கு எதிரே முந்தைய முதன்மைப் பதிப்புகளின் எண்களை நிரல்படக் காட்டும் ஓர் ஒப்பீட்டு அட்டவணையை ஒவ்வொரு பதிப்பின் இறுதியிலும் சேர்க்க வேண்டும்.